ஒரு சீலையின் இரு புறங்கள்

அண்மையில் சித்திர ஆசிரியரான நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். அவருடைய வரவேற்பறைச் சுவரிலே பெரிய அச்சுப்படமொன்று சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தது. பழைய காலத்து ஓட்டப்பந்தயக் கார்கள் மூன்று வளைவொன்றில் ஒன்றையொன்று துரத்திச் செல்கின்றன. சாயுங் கதிரவனின் பொன்னொளி அவற்றின் முகப்புத் தகடுகளிற் பட்டுத் தெறிக்கின்றது. சில்லுகளின் பின்னே எழும் புழுதியும் பொன்னாகவே மிதக்கின்றது. வீதியோரத்து மரங்களின் நிழல்கள் நீண்டு கிடக்கின்றன. பார்த்த மாத்திரத்தில் நெஞ்சிலே இனம் புரியாத ஓர் ஏக்கம் படர்கின்றது. தீட்டியவர் தம் தொழிலை நன்கு அறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

"இதிலே வர்க்கமும் இல்லை, அரசியலும் இல்லை. ஒளி மட்டுமே உண்டு. அந்த ஒளி எழுப்பும் உணர்வு மட்டுமே உண்டு. ஆனாலும் நீர் இதற்குள்ளும் புகுந்து எதையாவது தேடுவீர்" என்றார் நண்பர், சிரித்தபடி. உடனிருந்த மற்றொருவர், தொழிற்சங்க வேலைகளில் ஊறியவர், "தேடுவதற்கு என்ன இருக்கிறது? பணக்காரரின் விளையாட்டுப் பொருளைப் பணக்காரருக்காக வரைந்திருக்கிறான். கழற்றிவிட்டு வேறு படம் மாட்டும்" என்றார்.

இருவரும் எதிரெதிர்த் திசையில் நின்று வாதாடினர். ஆயினும் ஒரு விடயத்தில் இருவரும் உடன்பட்டிருந்தனர் என்பதை அவர்கள் உணரவில்லை. ஓவியத்தில் விழும் ஒளிக்கும் சமுதாயத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதே அந்த உடன்பாடு. முதல்வர் அதனை ஏற்று மகிழ்கின்றார். மற்றவர் அதனை ஏற்று வெறுக்கின்றார். ஒளியை உற்றுப் பார்க்கும் பொறுப்பிலிருந்து இருவருமே தப்பிவிடுகின்றனர். இவ்விரு மயக்கங்களையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மாணவருக்கு இது புதிய பிரச்சினையன்று. பொழுதுக்கும் உணர்வுக்கும் உள்ள உறவை நம் முன்னோர் இலக்கணமாகவே வகுத்து வைத்தனர். மாலை முல்லைக்கு உரியது. நண்பகல் பாலைக்கு உரியது. எற்பாடு நெய்தலுக்கு உரியது. ஒளி மாறினால் மெய்ப்பாடு மாறும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஆயின் அவர்கள் பொழுதைத் தனியே பிரித்தெடுத்து நிறுத்தவில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றவர்கள், அந்நிலத்து மக்களின் உணவையும் தொழிலையும் கருப்பொருளிற் சேர்த்தனர். அவற்றினிடையே வைத்தே உரிப்பொருளைப் பேசினர். நிலமும் தொழிலும் இல்லாத வெறும் மாலை எமது பொருளிலக்கணத்தில் இல்லை. ஒளி மட்டுமே உண்டு என்னும் வாதம் எமக்கு எவ்வளவு அந்நியமானது என்பதை இதனாலேயே அறியலாம்.

எனினும் மோட்டார் வண்டி ஓவியத்தைத் தொல்காப்பியத்தைக் கொண்டு மட்டும் அளப்பது முறையாகாது. அது பிறந்த இடத்திலேயே அதனை நிறுத்திப் பார்ப்போம்.

1909ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் திகதி பாரிசிலிருந்து வெளிவந்த 'லெ பிகாரோ' நாளிதழின் முதற் பக்கத்தில், மரினெட்டி என்னும் இத்தாலியக் கவிஞர் எதிர்காலவாதப் பிரகடனத்தை வெளியிட்டார். பண்டைக் கிரேக்கச் சிற்பத்தின் பேரழகைவிட உறுமி ஓடும் பந்தயக் காரே அழகானது என்று முழங்கிய பிரகடனம் அது. போரைப் போற்றியதும் நூதனசாலைகளை அழிக்கவேண்டுமென்று கூறியதும் அதுவே. அதன் முன்னுரைப் பகுதியிலே மரினெட்டி தம் கார் விபத்தைக் கதையாகச் சொல்கின்றார். எதிரே இரு சைக்கிள்காரர் வந்துவிட, வண்டி திரும்பிப் பள்ளத்தில் விழுகின்றது. அது ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர்ப் பள்ளம். அந்தச் சேற்றைச் சுவைத்தபோது, தமக்குக் குழந்தைப் பருவத்திற் பாலூட்டிய சூடான் நாட்டுச் செவிலியின் நினைவு வந்ததாக அவர் எழுதுகின்றார்.

வேகத்தின் வேதமாகப் போற்றப்பட்ட அந்தப் பிரகடனத்தின் வாசலிலேயே மூவகை மனிதர் நிற்பதைக் கவனியுங்கள். காரில்லாத சைக்கிள்காரர், கழிவுநீருக்குப் பின்னாலுள்ள தொழிற்சாலையில் உழைப்பவர், ஐரோப்பியச் செல்வந்தரின் பிள்ளைக்குத் தன் பாலைக் கொடுத்த ஆபிரிக்கப் பெண். மூவரும் ஒருகணம் தோன்றி மறைகின்றனர். அதன்பின் காரும் அதன் ஒளியுமே எஞ்சுகின்றன. இந்த மறைவு எப்படி நிகழ்ந்தது என்பதை ஓவியத்திலே படிப்படியாகக் காட்டித்தரும் வாழ்க்கை ஒன்று உண்டு. அது ஜாக்கோமோ பல்லாவினுடையது.

பல்லா 1871இல் டூரின் நகரிற் பிறந்தார். தந்தையை இளமையிலேயே இழந்தார். தாய் தையல் வேலை செய்து வாழ்ந்தவர். 1900ஆம் ஆண்டில் பாரிசிலே சில மாதங்கள் தங்கியிருந்த அவர், நிறங்களைக் கலக்காமற் சிறு சிறு கோடுகளாகவும் புள்ளிகளாகவும் அருகருகே வைத்து ஒளியை எழுப்பும் பிரிப்புமுறை ஓவியத்திலே தேர்ச்சி பெற்றவர். பின்னர் புகழ்பெற்ற பொச்சோனியும் செவெரினியும் அவரிடம் அந்த முறையைப் பயின்றவர்களே.

1904இல் பல்லா 'தொழிலாளியின் நாள்' என்ற ஓவியத்தைத் தீட்டினார். கட்டடம் ஒன்று எழுந்துகொண்டிருக்கும் இடம். அதே இடம் மூன்று பகுதிகளாக, மூன்று பொழுதுகளிற் காட்டப்படுகின்றது. காலையில் வேலை, நண்பகலில் உணவுக்கான ஓய்வு, மாலையில் வேலை முடிந்து திரும்புதல். அங்கே ஒளி வெறும் ஒளியன்று, அது வேலைநேரம். மேசன் எத்தனை மணிக்கு வந்தான், எப்போது உண்டான், எந்த இருளில் வீடு திரும்புகின்றான் என்பதை ஒளியே கூறுகின்றது. அந்தி மங்கலையும் தெருவிளக்கின் வெளிச்சத்தையும் கண்டு நாம் அடையும் உணர்வு களைத்த உடலின் உணர்வாகும். ஒளிவிஞ்ஞானத்தில் ஆழ்ந்த ஓவியர் ஒருவர், அந்த விஞ்ஞானத்தைக் கூலி உழைப்பின் நாளை அளக்கப் பயன்படுத்தினார். ஒளியும் உழைப்பும் ஒரே சீலையில் வாழமுடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதன்பின் வந்தது 'தெருவிளக்கு'. ஓவியத்தில் 1909 என்று ஆண்டு குறிக்கப்பட்டிருப்பினும், ஓரிரு ஆண்டுகள் பிந்தியே அது தீட்டப்பட்டது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நியூயோர்க் நவீன கலைக்கூடத்திலே இன்று அது இருக்கின்றது. மின்விளக்கு ஒன்று பல வண்ணக் கணைகளாக ஒளியை வாரி இறைக்கின்றது. பிறைநிலா ஒரு மூலையில் ஒளியிழந்து கிடக்கின்றது. மிக அழகிய ஓவியம். ஆனால் 1904இல் அந்த விளக்கின் கீழ் நடந்து சென்ற மனிதர் எங்கே? விளக்கு மட்டுமே இருக்கின்றது. வெளிச்சம் யாருக்காக ஏற்றப்பட்டதோ அவர்கள் சீலையை விட்டு வெளியேறிவிட்டனர். விளக்கு தானே தலைவனாகிவிட்டது.

1913ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் மோட்டார் வண்டியின் வேகத்தைத் திரும்பத் திரும்ப ஆராய்ந்தார். சில்லுகளின் சுழற்சி வட்டங்களாகவும், காற்றைக் கிழித்தல் கூர்ங்கோணங்களாகவும், ஒளிச்சிதறல் குறுக்குக் கோடுகளாகவும் மாறின. முதலிற் காரின் உருவம் ஓரளவு தெரிந்தது. பின்னர் அதுவும் கரைந்தது. லண்டன் டேற் கலைக்கூடத்திலுள்ள ஓவியத்துக்குப் பெயரே 'கார் போய்விட்டது' என்பதுதான். பச்சை நிலமும் நீல வானும், புகை விட்டுச்சென்ற மெல்லிய இளஞ்சிவப்புத் தடமும் மட்டுமே அதில் உண்டு. சாரதி இல்லை. வீதி போட்டவன் இல்லை. வண்டியைப் பூட்டியவன் இல்லை. இறுதியில் வண்டியே இல்லை. மனிதர் அனைவரும் வெளியேறிய பின்னர் வெறும் வேகத்தின் ஒளி மிஞ்சுகின்றது.

இந்த இடத்திலே சித்திர ஆசிரிய நண்பர் குறுக்கிடுவார்: "அதனாலென்ன? அதுவன்றோ தூய கலை?" அவருக்கு விடைகூற நான் முயலவேண்டியதில்லை. பல்லாவே விடைகூறியிருக்கின்றார்.

அதே வரிசையைச் சேர்ந்த ஓவியங்களில் ஒன்று 'அருவ வேகம்' என்பது. 1913ஆம் ஆண்டு தீட்டப்பட்டது. அது இன்று டூரின் நகரத்து அஞ்ஞெல்லி ஓவியக்கூடத்தில் உள்ளது. அதன் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் அங்கே மற்றோர் ஓவியம். 1930களின் முற்பாதியில், அதே சீலையின் மறுபுறத்தில், அதே பல்லா 'ரோம் நோக்கிய அணிவகுப்பு' என்ற ஓவியத்தைத் தீட்டினார். கறுப்புச் சட்டையினர் 1922 ஒக்டோபரில் இத்தாலியின் ஆட்சியைக் கைப்பற்றிய நிகழ்ச்சியே அதன் பொருள். முசோலினி தம் துணைத் தளபதிகளுடன் முன்னணியில் நடந்து வருகின்றார். முன்புறத்திலே மனிதரில்லாத வேகம். பின்புறத்திலே பாசிசத் தலைவன். நடுவே இருப்பது நூலிழை கனம் கொண்ட துணி மட்டுமே.

அந்த அணிவகுப்பும் ஒரு பொய்யொளியிலேயே நிற்கின்றது. கறுப்புச் சட்டையினர் மழையில் நனைந்துகொண்டு ரோம் நகருக்கு வெளியே காத்திருந்தபோது, முசோலினி மிலான் நகரிலேயே பத்திரமாக இருந்தார். மன்னரின் அழைப்புக் கிடைத்த பின்னர் படுக்கை வசதி கொண்ட இரவு ரயிலில் ஏறி, ஒக்டோபர் 30ஆந் திகதி காலை ரோமில் வந்து இறங்கினார். ரயிலிற் படுத்து வந்தவரை வீறுநடை போடும் வீரராக்கியது ஓவியம். ஒளி எதனைக் காட்டுகின்றது என்பதோடு எதனை மறைக்கின்றது என்பதையும் கேட்கவேண்டியதன் தேவை இங்கே தெளிவாகும்.

முன்புறத்து ஓவியம்தான் பின்புறத்து ஓவியத்தைப் பெற்றது என்று நான் வாதிட வரவில்லை. அவ்வாறு கூறுவது தொழிற்சங்க நண்பரின் அவசரத்துக்கு ஒப்பாகும். வேகத்தையும் யந்திரத்தையும் பாடிய ரஷ்ய எதிர்காலவாதியான மயக்கோவ்ஸ்கி 1917இன் புரட்சியின் பக்கம் நின்றார். இத்தாலியிலுங்கூட, முதலாம் உலகப் போருக்கு முன்னர் தொழிலாளர் எதிர்காலவாதிகளிடம் அனுதாபம் கொண்டிருந்தனர் என்பதை அந்தோனியோ கிராம்சி 1922இல் ட்ரொட்ஸ்கிக்கு எழுதிய கடிதத்திற் பதிவு செய்திருக்கின்றார். பழைய முதலாளித்துவப் பண்பாட்டின் வடிவங்களை அஞ்சாமல் உடைத்தவர்கள் என்று 1921இல் அவர் எதிர்காலவாதிகளைப் பாராட்டவும் செய்தார். யந்திரத்தோடு வாழ்பவன் தொழிலாளி. யந்திரத்தின் அழகை அவன் வெறுக்கவில்லை, வெறுக்கவும் தேவையில்லை. பந்தயக் காரின் ஒளியைக் கண்டு மனம் துள்ளுவது வர்க்கத் துரோகமாகாது.

நான் கூறுவது வேறு. மனிதனை வெளியேற்றிவிட்ட ஒளி, யாரும் வந்து அமரக்கூடிய வெற்று ஆசனமாகும். 1904இன் ஓவியத்தைத் திருப்பி அதன் பின்புறத்தில் முசோலினியை வரைந்திருந்தால் முன்புறமே அதனை எதிர்த்திருக்கும். அங்கே களைத்த மேசன் நிற்கின்றான். 1913இன் ஓவியத்தில் எதிர்ப்பதற்கு எவரும் இல்லை. போற்றப்படும் பொருளாக வேகம் மட்டுமே மிஞ்சியபின், அந்த வேகத்துக்கு உரிமை கொண்டாட வருபவன் எவனோ அவனே அதன் தலைவனாகின்றான். இத்தாலியில் அவ்வாறு வந்தவன் கறுப்புச் சட்டைக்காரன். 1919 மார்ச்சில் மிலானில் முசோலினி தம் இயக்கத்தைத் தொடங்கியபோது மரினெட்டி அங்கே உடனிருந்தார். கலைக்கழகங்களை அழிக்கச் சொன்ன அவரே 1929இல் பாசிச அரசு நிறுவிய இத்தாலிய அரச கலைக்கழகத்தின் உறுப்பினரானார்.

இனி அந்த ஓவியம் தொங்கும் கட்டடத்தைப் பார்ப்போம். அஞ்ஞெல்லி ஓவியக்கூடம் 2002இல் திறக்கப்பட்டது. பியட் மோட்டார் நிறுவனத்தை ஆண்ட குடும்பம் தன் சேகரிப்பிலிருந்து கொடுத்த ஓவியங்கள் அங்கே உள்ளன. அந்தக் கூடம் அமைந்திருப்பதோ லிங்கொத்தோ எனப்படும் பழைய பியட் தொழிற்சாலையின் உச்சியில். 1923இல் திறக்கப்பட்ட ஐந்து மாடித் தொழிற்சாலை அது. கீழ்த்தளத்தில் மூலப்பொருள் நுழையும். மாடிக்கு மாடி வேலை வளர்ந்துகொண்டே மேலேறும். முடிவில் முழுமையான கார் கூரையை அடைந்து, அங்கே அமைக்கப்பட்ட சாய்வுவளைவுப் பாதையில் ஓடிப் பரிசோதிக்கப்படும். திறந்த வானத்தின் ஒளி கூரைமேல் ஓடும் காருக்குக் கிடைத்தது. அதனைச் செய்தவர்கள் கீழே மாடிகளுக்குள் நின்றனர். பல்லாவின் ஓவியங்களிற் படிப்படியாக நிகழ்ந்த வெளியேற்றத்தைச் சிமெந்திலும் இரும்பிலும் கட்டி நிறுத்தியதுபோல அக்கட்டடம் நிற்கின்றது. 1982இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. 2021இல் கூரைப் பாதையிலே பூந்தோட்டம் அமைக்கப்பட்டது.

அந்த நகரத்துத் தொழிலாளர் சும்மா இருந்தவர்கள் அல்லர். 1920 செப்டெம்பரில் டூரின் தொழிற்சாலைகளை அவர்கள் தாமே கைக்கொண்டு, செங்கொடியின் கீழ் உற்பத்தியை நடத்தினர். முதலாளி இல்லாமலும் கார் பிறக்கும் என்பதை உலகுக்குக் காட்டினர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1922 டிசம்பரில், பாசிசக் குண்டர்கள் அந்நகரத்திலே தொழிலாளர் பலரைக் கொன்றனர்; தொழிற்சங்க மாளிகையைத் தீக்கிரையாக்கினர். ஆயினும் 1943 மார்ச் 5ஆந் திகதி, போரின் நடுவே, பாசிச ஆட்சியை உலுக்கிய வேலைநிறுத்த அலை தொடங்கியதும் அதே நகரத்துப் பியட் ஆலையில்தான். சீலையிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் வரலாற்றிலிருந்து வெளியேறவில்லை.

"இவையெல்லாம் இத்தாலியின் கதை, என் சுவரிலுள்ள படத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று நண்பர் கேட்கக்கூடும். தொடர்பு அந்தப் பொன்னொளியிலேயே இருக்கின்றது. அது கடந்த காலத்தின் மீது வீழ்த்தப்படும் ஒளி. 'அந்தக் காலம் எவ்வளவு இனியது!' என்று அது எம்மை ஏங்கச் செய்கின்றது. யாருக்கு இனியது?

வீரர்களின் பொற்காலம் என்று அழைக்கப்படும் முதற் பந்தயங்களைப் பாருங்கள். 1903 மே 24ஆந் திகதி பாரிஸ்-மட்ரிட் பந்தயம் விடியுமுன் வெர்சாயிலிருந்து புறப்பட்டது. இருளும் புழுதியும் சூழ்ந்த வீதியிலே வண்டிகள் மனிதர்மீது மோதின, மரங்களில் மோதின. ஓட்டியவரும் உடன் சென்றவரும் வீதியோரத்தில் நின்றவரும் மாண்டனர். போர்தோ நகருடன் பந்தயமே நிறுத்தப்பட்டது. வீதியோரத்தில் நின்ற குடியானவனுக்கு அந்தப் புழுதி பொன்னாகத் தோன்றியிருக்குமா?

அந்தச் சில்லுகளைச் சுற்றியிருந்த இறப்பரைப் பாருங்கள். காற்றடைத்த ரயரோடு கார் ஒன்று முதன்முதலிற் பந்தயத்தில் ஓடியது 1895இல். அந்த ஆண்டுகளிலே கொங்கோவின் காடுகளில், பெல்ஜிய மன்னன் லெயோபோல்டின் ஆட்சியின் கீழ், இறப்பர் சேர்த்துத் தராத கிராமத்தவரின் கைகள் வெட்டப்பட்டன. ரொஜர் கேஸ்மென்ற் 1904இல் அதனை உலகுக்கு அம்பலப்படுத்தினார். அவரே தென்னமெரிக்காவின் புட்டுமாயோவில் இறப்பருக்காகப் பழங்குடிமக்கள் வதைக்கப்பட்டதைப் பற்றித் தந்த அறிக்கை 1912இல் வெளிவந்தது. பல்லா வேகத்தின் ஒளியைத் தேடத் தொடங்கிய ஆண்டும் அதுவே.

இதனோடு எமது நாடும் தொடர்புடையது. 1876இல் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து 1,900க்கும் மேற்பட்ட இறப்பர் நாற்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடையில் அவை நடப்பட்டன. மோட்டார் வண்டியின் பெருக்கத்தோடு களுத்துறை, கேகாலைப் பகுதிகளில் இறப்பர்த் தோட்டங்கள் பெருகின. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் அங்கே பால் வெட்டினர். வெயில் ஏறுமுன்னரே மரத்தில் வெட்டவேண்டும். வெயில் ஏறினாற் பால் வடிவது குறையும். எனவே விடியற்காலை அரையிருளில் மரத்துக்கு மரம் நடந்து, சிரட்டையிற் சொட்டும் பாலைச் சேர்த்தனர். மோட்டார் உலகத்துக்கும் ஒரு விடியல் ஒளி உண்டு. அது அந்த மரங்களின் இடையே விழுந்த ஒளி. மாலைப் பொன்னொளியை ஆயிரம் முறை தீட்டியவர்கள் இந்த விடியலை எத்தனை முறை தீட்டினர்?

ஓட்டப்பந்தயத்தைத் தீட்டக்கூடாது என்பதோ, ஒவ்வொரு கார் ஓவியத்திலும் இறப்பர்த் தோட்டத்தை வரையவேண்டும் என்பதோ எனது கட்சியன்று. அத்தகைய கட்டளை கலையைக் கொன்றுவிடும். காரை வரைந்துகொண்டே மனிதனைக் காக்கமுடியும். பழைய பந்தயக் கார்களில் இருவர் அமர்வர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஒருவர் சாரதி, மற்றவர் மெக்கானிக். எண்ணெயை ஏற்றுவது, ரயர்களைக் கவனிப்பது, பின்னே வருவோரைப் பார்த்துச் சொல்வது, வழியிற் பழுது நேர்ந்தாற் குதித்திறங்கித் திருத்துவது எல்லாம் அந்த இரண்டாமவரின் வேலை. வெற்றிக் கிண்ணம் சாரதிக்கு. மரணம் இருவருக்கும் பொது. 1904இல் அமெரிக்காவில் நடந்த முதலாவது வாண்டர்பில்ட் கிண்ணப் பந்தயத்திலே கார்ல் மென்செல் என்ற மெக்கானிக் மாண்டார், சாரதி பிழைத்தார். 1924இல் ஸ்பெயினின் சான் செபஸ்தியானில், மதுவடி முதலாளிகளான கின்னஸ் குடும்பத்தைச் சேர்ந்த சாரதியின் கார் கவிழ்ந்தது. மாண்டவர் அவருடைய மெக்கானிக் தோமஸ் பரெற். அடுத்த ஆண்டிலிருந்து ஐரோப்பாவின் பெரும் பந்தயங்களில் மெக்கானிக் உடன் செல்வது தடுக்கப்பட்டது.

அமெரிக்க ஓவியரான பீற்றர் ஹெல்க் 1906இல் சிறுவனாக வாண்டர்பில்ட் கிண்ணப் பந்தயத்தைப் பார்த்தவர். 1908இல் அக்கிண்ணத்தை வென்ற லோக்கோமொபில் காரைப் பின்னாளில் தாமே வாங்கி வைத்திருந்தவர். அந்தக் காரை அவர் பலமுறை தீட்டினார். புகையும் புழுதியும், வீதியை நெருக்கி நிற்கும் சனக்கூட்டமும், சாரதியின் பக்கத்தில் உடலை ஒடுக்கி அமர்ந்திருக்கும் மெக்கானிக்கும் அவருடைய உலகில் உண்டு. ஹெல்க் புரட்சிக்காரர் அல்லர். விளம்பரங்களுக்கும் படம் வரைந்தவர். எனினும் அவருடைய கார் மனிதர் ஓட்டும் கார். அதன் பாரத்தையும் சூட்டையும் நாம் உணர்கின்றோம். பந்தயக் காரை நேசித்த ஒருவரே இதைச் செய்யமுடியும் என்றால், ஒளியையும் மனிதனையும் ஒன்றாகத் தீட்டுவது இயலாத காரியமன்று.

பல்லாவின் இளமைக்கால இத்தாலியிலேயே இதன் உயர்ந்த எடுத்துக்காட்டு உண்டு. பெலிஸா தா வொல்பேதோ என்ற ஓவியர் 1901இல் 'நான்காவது வர்க்கம்' என்ற பேரோவியத்தை முடித்தார். அவரும் பிரிப்புமுறையைக் கையாண்டவரே. வேலைநிறுத்தம் செய்த உழைப்பாளர் கூட்டம் இருண்ட பின்னணியிலிருந்து ஒளியை நோக்கி அமைதியாக நடந்து வருகின்றது. முன்னணியிலே கைக்குழந்தையோடு வெறுங்காலுடன் ஒரு பெண். 1920இல் மிலான் நகரத்தவர் நிதி திரட்டி அதனைப் பொதுவுடைமையாக்கினர். பெலிஸாவின் மனிதர்களும் நடக்கின்றனர். பல்லாவின் சீலைப் பின்புறத்து மனிதர்களும் நடக்கின்றனர். முன்னவர்கள் ஒளிக்குள் வருகின்றனர். பின்னவர்களோ, மற்றவர்கள் வெளியேற்றப்பட்டதால் வெறுமையாகிவிட்ட ஒளியைக் கைப்பற்ற வருகின்றனர். ஒரே தேசம், ஒரே தலைமுறை, ஒரே ஒளிநுட்பம். வேறுபட்டது, ஒளியிலே யாருக்கு இடம் என்ற தீர்மானம் ஒன்றே.

எனவே சித்திர ஆசிரிய நண்பருக்கு நான் கூறுவது இது. ஒளி மட்டுமே உண்டு என்று மாணவருக்குக் கற்பிப்பது அவர்களின் கண்ணைத் திறப்பதாகாது. பாதிக் கண்ணை மூடக் கற்பிப்பதாகும். ஒளி எங்கிருந்து வருகின்றது, எதன்மேல் விழுகின்றது, எதனை நிழலில் விடுகின்றது என்று எந்தச் சித்திர ஆசிரியரும் கேட்பார். நிழலில் விடப்பட்டவர் யார் என்ற அடுத்த வினாவையும் அவர் கேட்கவேண்டும். அது ஓவியத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட வினாவன்று. முதல் வினாக்களின் தொடர்ச்சியே.

தொழிற்சங்க நண்பருக்குக் கூறுவதும் உண்டு. படத்தைக் கழற்றி வைத்தால் சுவரே மிஞ்சும். எமது எதிரிகள் அழகை நன்கு பயன்படுத்தத் தெரிந்தவர்கள். அழகை அவர்களிடம் விட்டுவிட்டு வெற்றுச் சுவரைக் காட்டி எவரையும் எம்பக்கம் திருப்பமுடியாது. யந்திரம் எமது கைகளின் படைப்பு; அதன்மேல் விழும் ஒளியும் எமக்கு உரியது. அதனை மறுதலிக்காமல் உரிமை கோருவதே எமது வேலை.

அன்று விடைபெறுமுன் அந்த அச்சுப்படத்தின் அருகே சென்று மீண்டும் பார்த்தேன். மூன்று கார்களிலும் சாரதியின் பக்கத்திலே இரண்டாவது இருக்கை இருந்தது. மூன்றும் வெறுமையாக இருந்தன. அவற்றின் தோலுறையிற்கூட மாலை வெயிலைக் கவனமாகத் தீட்டியிருந்தார் ஓவியர். நண்பரை அழைத்து அந்த இருக்கைகளைச் சுட்டிக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இத்தனை வருடம் மாட்டி வைத்திருக்கிறேன், கவனிக்கவில்லை" என்றார். மறுவாரம் அந்தப் படத்தை வகுப்புக்குக் கொண்டுசெல்வதாகவும் சொன்னார்.